நாலு கிலோ உப்பின் கணக்கு

கறிக்கோழித் தீவனத்தைப் பற்றி ஹொஸ்கோட்டையிலோ தொட்டபள்ளாபுரத்திலோ ஒரு பண்ணைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது மக்காச்சோளத்தின் விலை. அடுத்தது சோயாப் புண்ணாக்கின் விலை. தாவணகெரே பக்கம் மழை பொய்த்தால் இவர் முகம் வாடும். பணமெல்லாம் அந்த இரண்டிலும்தான் போகிறது என்பதால் அதில் தவறும் இல்லை. ஒரு டன் தீவனத்தில் மூன்று அல்லது நான்கு கிலோ சேரும் உப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதன் விலை தீவனச் செலவில் ஒரு மூலையில்கூடத் தெரியாது.

ஆனால் கோழியின் உடம்பு செலவுக் கணக்குப் பார்ப்பதில்லை. சோளமும் சோயாவும் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும், இந்த நாலு கிலோ குறைந்தால் அவை குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழி அடைபடும். கூடினால் கொட்டகையின் தரை நனையும். பெங்களூரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குவது தீவன மூட்டையில் இல்லாத ஓர் உப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கோழிக்கு சோடியம் எதற்கு? ரத்தத்தின் அளவைக் காக்க, நரம்பு வேலை செய்ய, தசை சுருங்க என்று பள்ளிப் பாடம் சொல்லும். கறிக்கோழியைப் பொறுத்தவரை அவற்றைவிட முக்கியமான வேலை குடலில் நடக்கிறது. சோளத்தின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகிறது. அந்தக் குளுக்கோஸ் குடல் சுவரின் செல்லுக்குள் தானாக நுழைய முடியாது. சோடியம் கூட வந்தால்தான் கதவு திறக்கும். சோயாப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் பலவற்றுக்கும் இதே நிபந்தனை. சோடியமும் சர்க்கரையும் சேர்ந்தே குடலைக் கடக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். அந்த வழியையே நம்பி, 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் காலராவால் துவண்டவர்களுக்கு மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். நம் வீட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வேலை செய்ய வைக்கும் அதே கதவுதான், முட்டையிலிருந்து வெளிவந்தபோது நாற்பது கிராம் இருந்த குஞ்சை ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டச் செய்கிறது.

சோளத்திலும் சோயாவிலும் சோடியம் மிகக் குறைவு. இரண்டையும் கலந்தால் 0.02 அல்லது 0.03 சதவீதம் தேறும். தேவையோ இதைப்போல ஏழெட்டு மடங்கு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் உலகெங்கும் மேற்கோளாகிறது: முதல் மூன்று வாரம் தீவனத்தில் 0.20 சதவீதம் சோடியம், அடுத்த மூன்று வாரம் 0.15, அதன்பின் 0.12. குளோரைடுக்கும் அதே எண்கள். வயது ஏற ஏறத் தேவை குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் பட்டினி போட்ட சோடியத்தைப் பின்னால் ஈடுகட்ட முடியாது. குறைந்தால் என்ன ஆகும்? குஞ்சு தீவனத்தைத் தின்னத் தயங்கும், தின்றதும் உடம்பில் ஒட்டாது, எடை ஏறாது. ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். இறகைக் கொத்தி ரத்தம் பார்த்துவிட்ட கூட்டத்தை அடக்குவது எளிதல்ல. பண்ணையில் இதை வெளிச்சம் அதிகம், நெரிசல் அதிகம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அவையும் காரணமாகலாம், உப்பைச் சோதிக்கும் எண்ணம் மட்டும் கடைசியில்தான் வரும்.

சரி, கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டால்? இங்கே கோழியின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். கடற்பறவைகள் உப்புநீரையே குடித்து வாழ்கின்றன. கண்ணுக்கு மேலே அவற்றுக்கு உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. அவை அடர்ந்த உப்புக் கரைசலை மூக்கு வழியே ஒழுகவிடும். இதை 1950களின் இறுதியில் நட் ஷ்மிட்-நீல்சன் நிறுவினார். கோழிக்கு அப்படி வேலை செய்யும் சுரப்பி கிடையாது. சிறுநீரகமும் பெரிதாக உதவாது: மனிதச் சிறுநீரகம் ரத்தத்தைவிட நான்கு மடங்கு அடர்த்தியான சிறுநீரை உண்டாக்கும்; கோழியால் இரண்டு மடங்கைத் தாண்ட முடியாது. எனவே மிகையான உப்பை வெளியே தள்ள அதற்கு ஒரே வழி, நிறையத் தண்ணீர் குடித்து நிறையக் கழிப்பதுதான்.

கோழியிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதன் சிறுநீர் எச்சத்துவாரத்துக்கு வந்ததும் நேரே வெளியேறிவிடுவதில்லை. பின்னோக்கி நகர்ந்து பெருங்குடலுக்குள் போகிறது. அங்கே உடம்பு சோடியத்தையும் தண்ணீரையும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. உப்பு குறைவான தீவனம் தின்னும் கோழியில் இந்த மீட்பு வேலை பல மடங்கு மும்முரமாகும். உப்பு மிகுந்துவிட்டால் அது ஏறத்தாழ நின்றுபோகும். எச்சம் நீர்த்து விழும். குறைவைச் சமாளிக்க இத்தனை ஏற்பாடு செய்துவைத்த உடம்பு, மிகுதியைச் சமாளிக்கத் தண்ணீர்க் குடத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. காட்டில் மண்ணைக் கிளறி விதையும் புழுவும் தின்ற முன்னோரின் வாரிசுக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

பண்ணையில் அது போதாது. பத்தாயிரம் கோழிகள் ஒரு கொட்டகையில் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவின் மேல் வாழ்கின்றன. இந்தக் கூளத்தில் ஈரம் நாலில் ஒரு பங்குக்குள் இருந்தால் அது பொலபொலவென்று உதிரும். மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் அப்பளம்போல் கட்டி தட்டும். அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவை எழுப்பும். உள்ளே நுழைகிறவர் கண் எரியும். தரைக்கு ஓர் அடி உயரத்தில் மூச்சு விடும் கோழிக்கு இன்னும் மோசம். பாதத்தில் புண் வரும், ரத்தக்கழிச்சல் நோயின் கிருமி பெருகும். உப்பில் தொடங்கிய சங்கதி மருந்துச் செலவில் வந்து நிற்கும்.

கூடுதல் சோடியம் இன்னொரு வழியிலும் கொல்லும். ரத்தத்தின் அளவு கூடுவதால் வேகமாக வளரும் கறிக்கோழியின் இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜூலியன் 1980களிலேயே குடிநீரில் சோடியத்தைக் கூட்டி இதைக் காட்டினார். ஒரே அளவு உப்பு தீவனத்தில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருந்தால் ஆபத்து அதிகம். தீவனத்தில் உப்புக் கரித்தால் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம். தண்ணீரே கரித்தால் எதைக் குடிப்பது?

நம் ஊரில் உப்பு மிகுதிக்குப் பழைய குற்றவாளி ஒருவர் உண்டு: கருவாட்டுத்தூள். சோயா மலிவாகப் பரவுவதற்கு முன் கோழிக்குப் புரதம் தந்தது அதுதான். கடற்கரையில் உப்பிட்டு மணலில் உலர்த்திய மீனில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மணல் என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். மேலே தனியாகவும் உப்பைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். இன்றைக்குப் பெரிய ஆலைகள் பெரும்பாலும் கருவாட்டைக் கைவிட்டுவிட்டன. சொந்தமாகக் கலக்கும் சிறு பண்ணைகள் சோதிக்காமல் அதை வாங்குவது இன்றும் சூதாட்டம்தான்.

சாதாரண உப்பில் 39 சதவீதம்தான் சோடியம். மீதி 61 சதவீதம் குளோரைடு. சோடியத் தேவை முழுவதையும் உப்பாலேயே நிரப்பினால் குளோரைடு தேவைக்கு மேல் போய்விடும். இதன் விளைவை அளக்க ஒரு சூத்திரம் தந்தவர் பிரான்ஸின் பியர் மோன்ஜன். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி அதிலிருந்து குளோரைடைக் கழித்தால், ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 250 மில்லி ஈக்விவலன்ட் வர வேண்டும் என்றார். எடையை அல்ல, மின்னேற்றத்தை எண்ணும் அலகு இது. இந்த எண் மிகவும் இறங்கினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும், கால் எலும்பு கோணும். மிகவும் ஏறினால் காரப் பக்கம்.

காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் பொட்டாசியம் 0.8 சதவீதம் என்று வைப்போம். அதில் பெரும்பகுதி சோயாவிலிருந்து வருவது. சூத்திரத்தில் அதன் பங்கு 205. சோடியத்தை 0.20 சதவீதத்துக்கு உயர்த்தினால் அதன் பங்கு 87. இதற்காக டன்னுக்கு நாலரை கிலோ உப்பைப் போட்டால் அதிலிருந்து மட்டும் 0.27 சதவீதம் குளோரைடு வரும். சோளமும் சோயாவும் கொஞ்சம் தரும். கூடவே, அமினோ அமிலக் குறையை நிரப்பச் சேர்க்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் ஐந்தில் ஒரு பங்கு குளோரைடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து 0.36 சதவீதத்தை எட்டும். கழித்தால் கிடைப்பது 190; மோன்ஜன் சொன்ன இலக்குக்கு வெகு கீழே. இப்போது உப்பை இரண்டரை கிலோவாகக் குறைத்து, மூன்று கிலோ ஆப்பச்சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், சேர்ப்போம். சோடியம் அதே 0.20தான். குளோரைடு 0.24க்கு இறங்குகிறது. விடை 225. சோடியம் ஒரு துளி மாறவில்லை, தீவனம் வேறாகிவிட்டது. ஆப்பச்சோடா உப்பைவிடப் பல மடங்கு விலை என்பதால் கொள்முதல் பிரிவு முகம் சுளிக்கும். என்னைக் கேட்டால், கோடைத் தீவனத்தில் அந்தச் செலவு வீண் அல்ல.

கோடை என்றதும் பெங்களூரைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2016 ஏப்ரல் 24 அன்று நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி. அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெயில் ஏறினால் வாயைப் பிளந்து மூச்சிரைப்பது ஒன்றே வழி. இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளும்போது சோடியமும் பொட்டாசியமும் கூடவே போய்விடுகின்றன. அதே நேரம் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்வதால் வரவும் குறைகிறது. எனவேதான் வெயில் நாட்களில் குடிநீரில் பொட்டாசியம் குளோரைடும் ஆப்பச்சோடாவும் கரைத்துக் கொடுக்கிறார்கள்; ரத்தத்தை அமிலப் பக்கம் திருப்ப நவச்சாரமும் ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. இவற்றின் பலனில் ஒரு பகுதி, கோழியைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைப்பதால் வருவது. உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு மடக்கும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் எந்த உப்பைக் கரைத்தாலும் அவ்வளவாகப் பலன் இராது. தகரக் கூரைக்கு மேல் கறுப்புத் தொட்டியை வைத்துவிட்டு எலக்ட்ரோலைட் பொட்டலத்தைக் குறை சொல்லக் கூடாது.

இனி அந்த மூட்டையில் இல்லாத உப்பு. பெங்களூரு நகரத்துக்குக் காவிரி வருகிறது. சுற்றியுள்ள பண்ணைகளுக்கு வருவதில்லை. கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கம் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஏரிகள் வறண்டபின் போர்வெல் ஒன்றே கதி. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. ஆயிரம் அடிக்கும் கீழே விரிசல்களில் தேங்கிய தண்ணீர் நெடுங்காலம் கல்லோடு உறவாடியதால் சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், ஃப்ளூரைடு எல்லாம் கரைந்து மேலே வருகிறது. ஒரே ஊரில் இரண்டு போர்வெல்லின் தண்ணீர் ஒன்றுபோல் இருப்பதில்லை. கோலார் ஏரிகளை 2018 முதல் பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் சுத்திகரித்த கழிவுநீரால் நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துகிறார்கள். ஆக, பழைய பரிசோதனைச் சீட்டை இன்றைய தண்ணீருக்குச் சாட்சியாக வைக்க முடியாது.

கோழி ஒரு கிலோ தீவனம் தின்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது நான்கு லிட்டரையும் தொடும். தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைப்போம். மனித நாக்குக்கு அது லேசாகத்தான் கரிக்கும். சாதாரண நாளில் அது ஒரு கிலோ தீவனத்தோடு 400 மில்லிகிராமைக் கூட்டுகிறது. அதாவது 0.04 சதவீதம், குஞ்சின் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. டன் கணக்கில் சொன்னால், தீவனத்தில் எழுதாத ஒரு கிலோ உப்பை போர்வெல் போட்டுவிடுகிறது. ஏப்ரலில் இரண்டு கிலோ. வயதான கோழிக்கு வேண்டிய 0.12 சதவீதத்தில் பாதிக்கு மேல் அப்போது குழாயிலிருந்தே வந்துவிடும். இனவிருத்தி நிறுவனங்களின் கையேடுகளோ தீவனச் சோடியத்தை 0.16 முதல் 0.23 சதவீதம் என்ற குறுகிய எல்லைக்குள் வைக்கச் சொல்கின்றன. மூட்டை எல்லைக்குள்தான் இருக்கிறது. கோழி எல்லையைத் தாண்டிவிட்டது.

இதில் வேடிக்கையான, ஆனால் விலை கொடுக்க வைக்கும் ஒரு திருப்பம் உண்டு. கடின நீரின் சுண்ணாம்பு படிந்து, கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் அடைபடுகிறது என்று சில பண்ணைகளில், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பதுபோலவே, நீர் மென்மையாக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். அந்தக் கருவி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 500 கடினத்தன்மையை முழுவதும் நீக்கினால் 230. நிப்பிள் ஒழுகாமல் இருக்கும், கோழி ஒழுகும்.

டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து மன நிறைவு அடைவதும் போதாது. கரைந்த உப்புகளின் மொத்தத்தை அது சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் வரை கவலை இல்லை, மூவாயிரம் வரை எச்சம் நீர்க்கலாம், அதற்கு மேல் கோழிக்கு ஆகாது என்பது பொதுவான அளவுகோல். அந்த ஆயிரம் சுண்ணாம்பாகவும் இருக்கலாம், சமையல் உப்பாகவும் இருக்கலாம். கோழிக்கு இரண்டும் ஒன்றல்ல.

பெங்களூரு ஆடுகோடியில் 1995இல் தொடங்கிய தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், மாடுகளுக்கு வட்டாரத்துக்கேற்ற தாது உப்புக் கலவை என்ற கொள்கையைப் பரப்பிய இடங்களில் ஒன்று. அந்தந்தப் பகுதியின் மண்ணிலும் தீவனத்திலும் எந்தக் கனிமம் குறைகிறதோ அதை மட்டும் கூட்டித் தருவது அதன் சாரம். மாட்டுக்குச் செய்த இந்த மரியாதையைக் கறிக்கோழிக்கு நாம் இன்னும் செய்யவில்லை. ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையது. கொட்டகையும் தண்ணீரும் விவசாயியுடையது. தீவனச் சூத்திரம் எழுதுகிறவர் அந்த போர்வெல்லைப் பார்த்ததில்லை. போர்வெல்லின் சொந்தக்காரர் சூத்திரத்தைப் பார்த்ததில்லை. கூளம் நனைந்தால் பராமரிப்புச் சரியில்லை என்ற பழி இரண்டாமவர் தலையில் விழுகிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

துத்தநாகம், மாங்கனீசு, மயில்துத்தம், செலினியம் போன்ற நுண் உப்புகள் டன்னுக்குக் கிராம் கணக்கில்தான். அவை தனிக் கட்டுரைக்கு உரியவை. அவையும் பெரிய உப்பும் ஒரே கலவை இயந்திரத்தில்தான் சுழல்கின்றன என்பதை மட்டும் சொல்ல வேண்டும். இயந்திரம் சீராகக் கலக்கிறதா என்று பார்க்க ஆலைகள் பல இடங்களில் மாதிரி எடுத்து அளப்பது பெரும்பாலும் உப்பின் குளோரைடையே. மலிவு, எளிது. ஒரு மாதிரியில் உப்பு கூடி இன்னொன்றில் குறைந்தால், செலினியமும் அப்படித்தான் சிதறியிருக்கும்.

இத்தனை உப்புப் பேச்சுக்குப் பின் சாப்பிடுகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: கறியும் கரிக்குமா? கரிக்காது. கோழியின் ரத்தம் தன் சோடியத்தை இறுக்கமாகக் காத்துக்கொள்கிறது. மிகுந்தது கூளத்துக்குப் போகிறது. நம் தட்டுக்கு வரும் உப்பு அடுப்படியில் சேர்ந்ததுதான். கூளத்துக்குப் போனது மட்டும் எருவாகி வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் சேர்கிறது.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமான நீர்ப் பரிசோதனைச் சீட்டில் கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளூரைடு, நைட்ரேட் இருக்கும். சோடியம் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். மென்மையாக்கும் கருவி இருந்தால் அதைத் தாண்டி வரும் தண்ணீரில், அதாவது கோழி குடிக்கும் நிப்பிள் முனையில், மாதிரி எடுங்கள். மழைக்குப் பின் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. அடுத்த கூட்டம் குஞ்சு இறங்குவதற்கு முன் அந்தச் சீட்டைத் தீவனம் தருகிறவரிடம் கொடுத்து, இந்தத் தண்ணீருக்கு எத்தனை கிலோ உப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.